கழுத்தில் கட்டி, கை கட்டி நிற்கும் காவல்

கரோல் பாக் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்குப் புசா ரோடு என்றால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம்தான் முதலில் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரி ரோடு. மெட்ரோ ரயிலின் தூண்களுக்குக் கீழே, கரோல் பாக் நிலையத்துக்கும் ராஜேந்திரா பிளேஸ் நிலையத்துக்கும் இடையே காலை எட்டு மணிக்கு நடந்து பார்த்தால் தெரியும். கையில் பெரிய ஸ்கேன் உறை, தோளில் துணிப்பை, வாயில் முகமூடி. பீகாரிலிருந்து, காஷ்மீரிலிருந்து, ஏன், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கூட வந்தவர்கள் இருப்பார்கள்.

பீகாரில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர்தான் புசா. அங்கே 1905-இல் அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் கொடுத்த பணத்தில் விவசாய ஆராய்ச்சிக் கூடம் ஏற்பட்டது. 1934 பூகம்பத்தில் அது சிதைந்தபின் 1936-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. தன் ஊர்ப் பெயரையும் உடன் கொண்டுவந்துவிட்டது. இந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளும் அப்படிக் குடிபெயர்ந்து வந்தவையே. பக்கத்து ராஜேந்திர நகரில் 1954-இல் திறந்த ஸர் கங்காராம் ஆஸ்பத்திரியும், புசா ரோடிலேயே 1959-இல் நேரு திறந்து வைத்த பி.எல். கபூர் நினைவு ஆஸ்பத்திரியும் பிரிவினைக்கு முன் லாகூரில் இருந்தவை. கபூர் ஆஸ்பத்திரி இன்று பி.எல்.கே.-மாக்ஸ் என்ற பெயரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. ரத்தப் புற்றுநோய்க்காரர்களும் நிணநீர்ப் புற்றுநோய்க்காரர்களும் இந்தச் சாலைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த நிணநீர்ப் புற்றுநோயைத்தான் டாக்டர்கள் லிம்போமா என்கிறார்கள். ரத்தப் புற்று, நுரையீரல் புற்று என்று கேள்விப்பட்ட அளவுக்கு நம்மவர்கள் இதைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வாலிப வயதிலும் வரக்கூடியது. சரியான சமயத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. குணமாகும் வியாதியைக் காலம் கடத்திக் கெடுத்துக்கொள்வதுதான் பெரிய பரிதாபம்.

கண்டமாலையா, காசமா?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். உத்தம் நகரில் வாடகைக்கு இருக்கும் இருபத்தெட்டு வயது குமாஸ்தா ஒருவர். ஒரு நாள் முகச்சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. ஆகவே கவலையும் இல்லை. இரண்டு மாதத்தில் அது எலுமிச்சங்காய் ஆகிறது. பக்கத்தில் இன்னொன்று முளைக்கிறது. மாலையில் லேசான ஜுரம். இரவில் பனியன் நனையும்படி வேர்வை. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னால், 'கண்டமாலையாக இருக்குமோ?' என்கிறார். தெருமுனை டாக்டரும் ஏறக்குறைய அதையே வேறு பாஷையில் சொல்கிறார்: 'டி.பி. கட்டி. ஆறு மாதம் மாத்திரை சாப்பிடு.'

அந்த டாக்டரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. நம் நாட்டில் கழுத்தில் நாள்பட்ட கட்டிக்குக் காச நோய்தான் மிகச் சாதாரணமான காரணம். ஜுரம், வேர்வை, எடைக் குறைவு மூன்றும் காசத்திலும் உண்டு, லிம்போமாவிலும் உண்டு. ஊசியைக் குத்திச் சிறிது நீர் எடுத்துப் பார்க்கும் சோதனையும் பல சமயம் தெளிவாகப் பதில் சொல்லாது. டி.பி. என்று வைத்துக்கொண்டு மருந்து கொடுத்தால் பத்தில் பலர் பிழைத்துக்கொள்வார்கள். அந்த மீதிப் பேர்தான் நான்கு மாதம், எட்டு மாதம் கழித்து, கட்டி மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கியபின் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. தில்லியில் 'ஜோலா சாப்' என்று சொல்லப்படும் பட்டம் பெறாத வைத்தியர்கள் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாராளமாகக் கொடுத்துவிடுவார்கள். லிம்போமா கட்டி ஸ்டீராய்டுக்குச் சட்டென்று சுருங்கும். 'கைராசிக்காரர்!' என்று நோயாளியும் மகிழ்ந்து போவார். சில வாரத்தில் கட்டி திரும்ப வரும். அதற்குள் மாத்திரை சாப்பிட்ட தோஷத்தால், அறுத்துப் பரிசோதித்தாலும் நோய் இன்னது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

கட்டி முழுவதையும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் நம்மவர்கள் பயப்படுகிறார்கள். 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்ற நம்பிக்கை வேறு. லிம்போமாவைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஊசிச் சோதனை ஏன் போதாது என்பதற்கோ மிக விசித்திரமான ஒரு காரணம் இருக்கிறது.

நூற்றுக்கு ஒருவன்தான் திருடன்

நம் உடம்பில் ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் அவற்றுக்கு ஜங்ஷன்கள் உண்டு. அவற்றை நெறிகட்டுகள் என்கிறோம். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது எல்லோருக்கும் அனுபவம். அந்த ஜங்ஷன்களில் காவலுக்கு நிற்பவை வெள்ளணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள். அவற்றில் 'பி' வகை, விஷக்கிருமிகளை எதிர்க்கும் பொருளைத் தயாரிக்கும். 'டி' வகையில் சில, கெட்டுப்போன உயிரணுக்களை நேரடியாகக் கொல்லும். சில, மற்றவற்றுக்கு உத்தரவு போடும். இந்தக் காவலர்களில் ஒருவனே கெட்டுப்போய்ப் பல்கிப் பெருகுவதுதான் லிம்போமா.

லிம்போமாவில் பல வகை. அவற்றில் வாலிபர்களைப் பிடிக்கும் ஒரு முக்கிய வகைக்கு ஹாட்ஜ்கின் வியாதி என்று பெயர். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்தது. வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்பவர் 1898-இல் இந்தக் கட்டிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, உள்ளே இரட்டைக் கண் ஆந்தை போல முழிக்கும் பெரிய உயிரணுக்களை விவரித்தார். ஆனால் அவரும் இது ஒரு தினுசான காசம் என்றே நம்பினார்! நம் தெருமுனை டாக்டரின் குழப்பம் வியன்னாப் பண்டிதருக்கே இருந்தது.

அந்தக் குழப்பத்தை அவிழ்த்தவர் டோரதி ரீட் என்ற பெண் டாக்டர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 1902-இல், இது காசம் அல்ல, தனி வியாதி என்று எழுதினார். அவர் கவனித்த சங்கதிகளில் ஒன்று இது: காசக் கிருமியின் சாரத்தை ஊசி மூலம் செலுத்திப் பார்க்கும் சோதனையை ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குச் செய்தால் உடம்பு பேசாமல் இருக்கிறது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்குப் பின்னும், பெண் என்பதால் அங்கே மேலே வர வழியில்லை என்று தெரிந்து அவர் அந்த இடத்தை விட்டுப் போனார் என்பது வேறு கதை.

உடம்பு பேசாமல் இருந்ததன் பொருள் வெகு நாள் கழித்துத்தான் முழுதாகப் புரிந்தது. இந்த நோயாளிகளின் காவல் படையே மந்தமாகியிருந்தது. காசம் உண்மையிலேயே இருந்தாலும் கூடச் சில சமயம் அவர்கள் உடம்பு பதில் சொல்வதில்லை. அதனால்தான் கையில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மாண்டூ சோதனையை மட்டும் நம்பிக் கழுத்துக் கட்டிக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தடித்தால் டி.பி. என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டில் வியாதி இல்லாதவர்களிலேயே எத்தனையோ பேருக்குத் தடிக்கும்.

விசித்திரத்துக்கு வருவோம். ஹாட்ஜ்கின் கட்டியை அறுத்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் உயிரணுக்களில் புற்று அணு சுமார் நூற்றுக்கு ஒன்றுதான். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் அணு என்று இவ்விருவர் பெயராலும் வழங்கும் அந்த ஒரு திருடனைச் சுற்றி நிற்கும் தொண்ணூற்றொன்பதும் நம் உடம்பின் சொந்தக் காவலர்களே! கழுத்தில் எலுமிச்சை அளவு புடைத்திருப்பது புற்று அல்ல. புற்றைச் சுற்றிக் கூடிவிட்டு ஒன்றும் செய்யாமல் நிற்கும் கூட்டம். மெல்லிய ஊசியில் வரும் நான்கு துளியில் அந்த ஒரு திருடன் அகப்படாமல் போவது சகஜம். கட்டி முழுவதும் மேஜைக்கு வந்தால்தான் பிடிபடுவான்.

பிரேக் பிடிக்கும் அணுக்கள்

அத்தனை காவலர்களும் ஏன் கை கட்டி நிற்கிறார்கள்? கடந்த முப்பது வருஷத்து மருத்துவத்தின் சுவாரசியமான கதை இதுதான்.

எந்த ரயிலுக்கும் எஞ்சின் மட்டும் போதாது, பிரேக்கும் வேண்டும். நம் காவல் அணுக்களுக்கும் அப்படியே. அவை கட்டுக்கடங்காமல் ஓடினால் சொந்த உடம்பையே தாக்கும். மூட்டுவாதம், சில வகை சர்க்கரை வியாதி, தைராய்டு கோளாறு எல்லாம் அப்படி வருபவையே. ஆகவே காவலைக் கட்டுப்படுத்த ஒரு தனி வகை அணு இருக்க வேண்டும் என்று 1970-களிலேயே சிலர் சொன்னார்கள். 'அடக்கும் அணு' என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் சோதனைகளில் நம்பகமாக நிரூபிக்க முடியாமல் 1980-களில் அந்தக் கருத்து கேலிக்கு இடமாகி, ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பேச்சை எடுக்கவே கூச்சப்பட்டார்கள்.

ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி மட்டும் விடவில்லை. பிறந்து மூன்றாம் நாள் எலிக்குட்டியின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால் அதன் காவல் அணுக்கள் அதன் உடம்பையே தாக்குகின்றன. நல்ல எலியிலிருந்து டி அணுக்களைக் கொடுத்தால் தாக்குதல் நிற்கிறது. அப்படியானால் அமைதி காக்கும் அணு அந்தக் கூட்டத்தில் இருக்கத்தானே வேண்டும்? 1995-இல் அதன் அங்க அடையாளத்தைக் காட்டினார். 2001-இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரும், செதில் செதிலாகத் தோல் உரிந்து சீக்கிரமே செத்துப்போகும் ஒரு வகை எலியை ஆராய்ந்து 'பாக்ஸ்-பி-3' என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மனிதக் குழந்தைகளிலும் இந்த மரபணு பழுதானால் உடம்பு தன்னைத் தானே தாக்கும் கொடிய வியாதி வருகிறது. பிரேக் அணுவை உருவாக்கும் ஆணை அந்த மரபணுவில்தான் இருக்கிறது என்பதைச் சகாகுச்சி 2003-இல் இணைத்துக் காட்டினார். மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பிரேக்கைத்தான் புற்று அணு தன் வசம் இழுத்துக்கொள்கிறது. ஹாட்ஜ்கின் கட்டியில் உள்ள திருடன் ஒரு வகை ரசாயனப் பொருளைக் கசியவிடுகிறான். வாசனை பிடித்து எறும்பு வருவது போலப் பிரேக் பிடிக்கும் அணுக்களும் சாதுவான உதவி அணுக்களும் அவனைச் சுற்றி வந்து கூடுகின்றன. கொல்லும் அணுக்களை அண்ட விடுவதில்லை.

அது போதாதென்று இன்னொரு தந்திரமும் உண்டு. டிக்கெட் பரிசோதகரிடம் பாஸ் காட்டினால் அவர் பேசாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார் அல்லவா? 'பி.டி.-எல்-1' என்ற பொருள் அப்படிப்பட்ட பாஸ். காவல் அணு அளவுக்கு மீறித் தாக்காமல் இருக்க நம் நல்ல அணுக்களே அதைக் காட்டுவதுண்டு. ஹாட்ஜ்கின் திருடனிடம் ஒன்பதாவது குரோமோசோமின் ஒரு துண்டு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருகிக் கிடக்கிறது. அந்தப் பாஸை அச்சடிக்கும் இயந்திரம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது! ஆகவே கட்டுக் கட்டாகப் பாஸ் அடித்துச் சட்டைமேல் ஒட்டிக்கொண்டு திரிகிறான்.

இவ்வளவும் கேட்டபின், பிரேக் அணு அதிகம் இருந்தால் நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் ஆராய்ச்சியாளர்களே திகைத்தார்கள். ஸ்பெயின் நாட்டு டாக்டர்கள் 2005-இல் ஹாட்ஜ்கின் வியாதியிலும், 2006-இல் பாலிகுலர் என்ற மற்றொரு லிம்போமாவிலும் கணக்கெடுத்தபோது, பிரேக் அணு அதிகம் இருந்தவர்களே நன்றாகப் பிழைத்திருந்தார்கள். லிம்போமா என்பதே காவலனில் ஒருவன் கெட்டுப்போனது. காவலர்களை அடக்கும் பிரேக் அவனையும் கொஞ்சம் அடக்குகிறதோ என்பது ஒரு விளக்கம். கனடாவின் வான்கூவரில் 2010-இல் பார்த்தபோதோ, குப்பை தின்னும் மாக்ரபேஜ் என்ற அணுக்கள் அதிகம் கூடியிருந்த ஹாட்ஜ்கின் கட்டிகளுக்குத்தான் வைத்தியம் சரியாகப் பலிக்கவில்லை. ஆக, 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' லேகியம், பவுடர், கஷாயம் என்று விளம்பரம் வருகிறதே, அவற்றை லிம்போமாக்காரர் வாங்கிச் சாப்பிடுமுன் யோசிக்க வேண்டும். எந்தக் காவலனைக் கூட்டுவது, எவனைக் குறைப்பது என்று நோபல் பரிசுக்காரர்களுக்கே சங்கடமாக இருக்கும்போது டப்பாவுக்குத் தெரியுமா?

நித்தியகல்யாணி முதல் நிவோலுமாப் வரை

புது மருந்துகளுக்குப் போகுமுன் பழைய மருந்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிட வேண்டும். ஹாட்ஜ்கின் வியாதிக்கு 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனா வகுத்த நான்கு மருந்துக் கூட்டு இன்றும் உலகெங்கும் கொடுக்கப்படுகிறது. ஏ.பி.வி.டி. என்று சீட்டில் எழுதுவார்கள். அதில் 'வி' என்பது வின்பிளாஸ்டின். அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம்மூர் வேலியோரத்தில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து! சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் நடக்கூட யோசிப்பார்களே, அதே செடிதான். 1950-களின் கடைசியில் கனடா நாட்டில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலையிலிருந்து இந்த மருந்தைப் பிரித்தார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டு விவசாயிகள் இதைப் பயிர் செய்து ஏற்றுமதிக்கு விற்றிருக்கிறார்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊசி. இரண்டு ஊசி சேர்ந்தால் ஒரு சுற்று. நோய் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து 2 முதல் 6 சுற்று. ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் தேறுகிறார்கள். நான்கு மருந்தும் காப்புரிமை தீர்ந்தவை. புது மருந்துகளோடு ஒப்பிட்டால் விலை மலிவு. ஆகவே பக்கத்துப் படுக்கைக்காரர் எழுபதாயிரம் ரூபாய் ஊசி போட்டுக்கொள்கிறார் என்பதற்காக நமக்கு மட்டமான வைத்தியம் நடக்கிறது என்று நினைத்து மனம் சோர வேண்டியதில்லை. இரண்டு, மூன்று ஊசியில் உடம்பு நன்றாகத் தெரிகிறதே என்று ஊருக்குக் கிளம்பிவிடுவதுதான் ஆபத்து. கட்டி மறைவது வேறு. நோய் தீர்வது வேறு.

பழைய மருந்துக்கு அடங்காதவர்களுக்கும், அடங்கித் திரும்ப வந்தவர்களுக்கும்தான் பிரேக் சமாச்சாரம் கைகொடுத்தது. திருடன் காட்டும் பாஸைக் காவல் அணு பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்துவிட்டால்? ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோ 1992-இல் கண்டுபிடித்த 'பி.டி.-1' என்ற கொக்கிதான் அந்தக் கண். அதை மறைக்கும் மருந்து நிவோலுமாப். எல்லா வைத்தியமும் தோற்றுப்போன 23 ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 20 பேருக்குக் கட்டி கரைந்தது என்று 2015-இல் செய்தி வெளியானபோது புற்றுநோய் டாக்டர்கள் நம்ப முடியாமல் திரும்பப் படித்தார்கள். 2018-இல் ஹோஞ்சோவுக்கும், வேறொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முற்றிய ஹாட்ஜ்கின் வியாதிக்கு முதலிலேயே இதை மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகும் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 92. இதற்குப் பதில் மற்றொரு புது மருந்து பெற்றவர்களில் 83.

பிரேக்கைக் கழற்றினால் வண்டி தடம் புரளவும் கூடும். காவல் அணுக்கள் குடலை, நுரையீரலை, தைராய்டைத் தாக்கலாம். இந்த மருந்து பெறுபவர் நாலு முறை பேதி போனாலோ, வறட்டு இருமல் வந்தாலோ, பெட்டிக்கடை மாத்திரையில் காலம் தள்ளாமல் சிகிச்சை கொடுத்த டாக்டரிடமே ஓட வேண்டும்.

சொந்த அணுவுக்குப் புது ஆயுதம்

ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமாக்களே எண்ணிக்கையில் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை பி அணுவில் தோன்றுபவை. இவற்றுக்கு ரிடுக்ஸிமாப் என்ற மருந்து 1997 முதல் இருக்கிறது. 2007-இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனி அதே போன்ற மருந்தை இங்கேயே தயாரித்த பிறகு விலை இறங்கி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. அதற்கும் மசியாதவர்களுக்குக் கடைசி நம்பிக்கையாக வந்திருப்பது கார்-டி சிகிச்சை.

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். சோதனைச் சாலையில், சாதுவாக்கப்பட்ட வைரஸ் ஒன்றின் மூலம் அவற்றுக்கு ஒரு புது மரபணுவை ஏற்றுகிறார்கள். அதன்பின் அந்த அணுக்களின் மேல் ஒரு கொக்கி முளைக்கும். பி அணுக்களின் மேலுள்ள 'சி.டி.-19' என்ற அடையாளத்தை அது எங்கிருந்தாலும் பற்றிக்கொள்ளும். கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப நோயாளிக்கே ஏற்றுகிறார்கள். பாஸும் சிபாரிசும் இந்தக் காவலனிடம் அவ்வளவாகச் செல்லாது. ஆனால் கடும் ஜுரம், ரத்த அழுத்த வீழ்ச்சி, சித்தக் குழப்பம் போன்றவை முதல் சில வாரத்தில் வரக்கூடும்; தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்யத்தக்கது.

அமெரிக்காவில் 2017-இல் இது அங்கீகாரம் பெற்றபோது மருந்தின் விலை மட்டும் சுமார் நாலு லட்சம் டாலர். நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வார் குழுவினரும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்களும் சேர்ந்து சொந்தமாகவே ஒன்றை உருவாக்கினார்கள். 2021-இல் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜனாதிபதி திரௌபதி முர்மு பம்பாயில் தொடங்கி வைத்தார். பெயர் நெக்ஸ்கார்-19. 64 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2025-இல் லான்செட் ஹீமடாலஜி பத்திரிகையில் வெளிவந்தது. பலனைக் கணக்கிட முடிந்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் பின்வாங்கியது. வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அப்படியும் முப்பது, நாற்பது லட்சம் ரூபாய்! கரோல் பாக்கில் கடைச் சிப்பந்தியாக இருப்பவர் ஆயுள் முழுவதும் சேர்த்தாலும் வருமா?

அதனால் வேலூரிலிருந்து வரும் செய்தியை நம்மவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன், இந்த அணுக்களை ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஏறத்தாழ ஒன்பது நாளில் தயாரித்துக் கொடுத்து, அதன் முடிவை 2025-இல் வெளியிட்டது. கம்பெனிக்கு அனுப்பித் திரும்பப் பெறும் வாரக் கணக்கான காத்திருப்பும் அதற்குரிய செலவும் இதில் குறைகின்றன. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986-இலேயே தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

பணமும் பயணமும்

தில்லியில் இருப்பவர் எங்கே போவது? மத்திய அரசு ஊழியருக்கு சி.ஜி.எச்.எஸ்., ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ., ரயில்வேக்காரருக்குத் துறையின் சொந்த ஆஸ்பத்திரி. இம்மூன்றிலும் இல்லாதவர்கள் எய்ம்ஸ், ஸப்தர்ஜங் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம். கூட்டம் அதிகம் என்பது உண்மை. ஆனால் கட்டியை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதி வாங்கும் முதல் வேலைக்கு அங்கே பெரிய செலவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி என்றாலே ஏழை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதில்லை. சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் ஆஸ்பத்திரிகள், படுக்கைகளில் நூற்றுக்கு 10-ஐயும் வெளிநோயாளிகளில் நூற்றுக்கு 25 பேரையும் ஏழைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2007-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்சநீதிமன்றமும் இலவசக் கடமையை உறுதி செய்தது. வருமானச் சான்றிதழோ அதற்குரிய ரேஷன் கார்டோ வேண்டும். வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடம் கேட்டுப் பயனில்லை, 'இ.டபிள்யூ.எஸ்.' என்று தனி மேஜை இருக்கும், அதைத் தேடிப் போக வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் தில்லி 2025-இல் சேர்ந்துவிட்டது. தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மத்திய அரசின் பங்கிலேயே கிடைக்கும். பழைய மருந்து வைத்தியத்துக்கு இது தாராளம்; கார்-டி பக்கம் இது எட்டாது.

அடையாறு புற்றுநோய் நிலையமோ வேலூரோதான் வேண்டும், அம்மா பக்கத்தில் இருப்பாள் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. அதிலும் தப்பில்லை. ஆனால் இங்கே எடுத்த கட்டியின் மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது. அங்குள்ள டாக்டர் தம் கண்ணால் பார்க்க விரும்புவார். தகடு இல்லையென்றால் மறுபடியும் கத்தி வைக்க நேரும். வேலூருக்குக் காட்பாடியில் இறங்க வேண்டும். கேரளா எக்ஸ்பிரஸ் அங்கே நிற்கிறது.

ரயில் கட்டணத்தில் புற்றுநோயாளிக்கு உள்ள சலுகை பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சைக்கோ, பின்னர் பரிசோதனைக்கோ போய்வரும்போது, ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.ஸி.யிலும் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இரண்டடுக்கு ஏ.ஸி. என்றால் இருவருக்கும் பாதி. செல்போனில் எடுக்கும் டிக்கெட்டுக்கு இது கிடையாது. ரிசர்வேஷன் கவுண்டருக்கே போக வேண்டும். அதற்குரிய படிவத்தில் சிகிச்சை அளிக்கும் டாக்டரின் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் இருக்க வேண்டும். வெறும் லெட்டர்ஹெட் கடிதத்தை வைத்துக்கொண்டு கவுண்டரில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. டாக்டர் வார்டில் அகப்படும்போதே, போகவும் வரவும் தனித்தனியாக இரண்டு படிவம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.